எல்லைப் பனை

பிடித்து வைத்திருந்த எங்கள் காணியை ஆமி விட்ட வருடம், ஊருக்குப் புதிதாய் ஒரு அக்கா வந்தார். எனக்கு ஒன்பது வயது. அச்சுவேலிக்கு வடக்கே, அந்தக் காணியிலேயே ஒரு தகரக் கொட்டிலில் அம்மா, அண்ணை, நான். இடம்பெயர்ந்தபோது காணி உறுதிப் பத்திரம் தொலைந்துவிட்டது. வடக்கு எல்லையில் ஒரு பனை நின்றது. அதற்கு அப்பால் உள்ளதை ஆமி இன்னும் விடவில்லை.

காலையில் அவர் ஒழுங்கையில் மூன்று கால் வைத்த பலகை ஒன்றை நிறுத்தினார். குடையை விரித்து அதன் நிழலில் இருந்தார். ஒரு கண்ணை மூடி, தூரிகையை நீட்டிப் பிடித்து, எங்கள் பனையை அளந்தார்.

"அளக்க வந்திட்டினம்," என்றான் அண்ணை.

அம்மா என்னை அனுப்பினாள். போய்க் கேட்டேன்.

"உங்கடை காணியைக் கீறுறன்," என்று சிரித்தார்.

அதை அப்படியே வந்து சொன்னேன். காணி கீறுகிறவர் என்றால் எங்களுக்கு நில அளவைக்காரர் மட்டும்தான். அம்மா உலையை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஆர் அனுப்பினது, தங்கச்சி?"

"ஒருத்தருமில்லை அக்கா. இடம் வடிவாயிருக்கு, கீறுறன்."

"ஃபோனிலை எடுத்துக்கொண்டு போகலாமே?"

"ஃபோன் உடனை எடுத்திடும். எனக்கு இருந்து பாக்கவேணும். நான் வரேக்கை பனையின்ரை நிழல் கிணத்தடியிலை கிடந்தது. இப்ப பாருங்கோ, எவ்வளவு சுருங்கிட்டுது."

அம்மா நிழலைப் பார்க்கவில்லை. வெயிலுக்குள் சும்மா இருந்து பார்க்க யாரும் வருவார்கள் என்று அவள் நம்பவில்லை. படத்தைப் பார்த்தாள்.

"பனை ஏன் உள்ளுக்கை நிக்குது?"

"நடுவிலை நிண்டாத்தான் படத்துக்கு வடிவு, அக்கா."

"வடிவோ? எங்கடை ரெண்டு பரப்புக் காணி பனைக்கு அங்காலை போச்சுது!"

"நான் அப்பவே சொன்னனான்," என்றான் அண்ணை.

அந்த அக்கா சிரிக்கப் பார்த்தார். அம்மாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். புதுத் தாள் எடுத்தார். அம்மா மத்தியானம் வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். கிணறு, கொட்டில், பனை. ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் வந்தது.

"இதை எனக்குத் தாறியளோ?" என்றாள் அம்மா.

"ஓம், வைச்சிருங்கோ."

"திகதி போடுங்கோ. முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

வைத்தார்.

அம்மாவுக்குப் படம் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோசம். கொழுவுவதற்கு ஆணி தேடிக்கொண்டு ஓடிவந்தேன். அவள் படத்தை மடித்து, குடும்ப அட்டை இருந்த பைக்குள் வைத்து முடிந்துகொண்டிருந்தாள். இவ்வளவு வடிவான படத்தை ஏன் ஒளிக்கிறாள் என்று கோபித்து, அன்று நான் சோறு தின்னவில்லை.