ஆறாவது எழுத்து

ஆறு கொரிய எழுத்துகளைத் தட்டி, தட்டிய கையோடு சேமித்து, அதே வேகத்தில் மூடிவிடுகிறாள் ஜூலியட். பிறகு திறந்து பார்க்கிறாள். கொரிய மொழியில் அவளுக்கு வேறொரு சொல்லும் தெரியாது. இந்த ஒரு வரி மட்டும் விரல்களுக்கு மனப்பாடம். "சாம்பாரைக் கொஞ்சம் பாருங்க" என்று குரல் மட்டும் அடுப்படிக்குப் போகிறது.

ஒரத்தநாட்டில் வீடு. பகலில் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மிச்ச நேரமெல்லாம் 'வரப்பு'. கணினியில் எழுதுவதற்கான சின்ன மென்பொருள் அது; யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். பதினொரு வருடமாக அவள் ஒருத்திதான் அதைக் கட்டி மேய்க்கிறாள். பெயர் வைத்தது கணவர் சகாயராஜ். "தண்ணி நிக்கணும்னா வரப்பு வேணும்ல" என்றாராம்.

"நம்ம பக்கம் சரியா இருக்கு" என்பது ஒரு காலத்தில் அவள் வாயிலேயே குடியிருந்த வாக்கியம். கேபிள்காரருக்கும் அதுதான், மகளின் வகுப்பு டீச்சருக்கும் அதுதான். வரப்பைப் பற்றி உலகின் எந்த மூலையிலிருந்து புகார் வந்தாலும் அன்றைக்கே பதில் எழுதி முடித்துவிடுவாள். ஊருக்குக் கிளம்பும்போது வீட்டைப் பெருக்குவதைப் போலப் புகார்ப் பட்டியலையும் பெருக்கிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். "ஒரு புகார் முடியாம திறந்து கிடந்தாலும் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும்."

மூன்று வருடத்துக்கு முன், வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக வேன் வாசலில் நின்றபோது வந்தது அந்தப் புகார். புசான் நகரத்திலிருந்து பாக் என்பவர் எழுதியிருந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் அம்மா சொல்வதை நாளுக்கு ஒரு வரியாகத் தனித்தனிக் கோப்பில் எழுதி, சேமித்து, மூடிவைக்கிறார். நாற்பது நாள் கழித்துத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியிலும் கடைசி எழுத்து இல்லை. எடுத்துக்காட்டாக ஒரு வரியும் கொடுத்திருந்தார். 'மழை வருது போலிருக்கே' என்று பொருள். கொரிய மொழியில் ஆறு எழுத்து.

"ஜூலி, மாதா காத்திருப்பாங்க, டிரைவர் காத்திருக்க மாட்டார்" என்றார் சகாயராஜ்.

நின்றபடியே அந்த வரியைத் தட்டினாள். பழக்க தோஷத்தில் அடுத்த வரிக்கு ஒரு தட்டும் தட்டிவிட்டுச் சேமித்தாள். ஆறும் இருந்தன. 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது. கடைசி எழுத்தைத் தட்ட மறந்திருப்பீர்கள், கவனியுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதிப் புகாரை முடித்தாள். பட்டியல் காலி. வேன் ஏறினாள்.

அடுத்த வருடம் இன்னொரு கொரியர் அதே குறையைப் படம் பிடித்து அனுப்பினார். படத்தில் விரல் கடைசி எழுத்திலிருந்து நேரே சேமிப்புக்குப் போனது. அப்போதுதான் புரிந்தது. இரண்டு மூன்று விசை சேர்ந்துதான் ஒரு கொரிய எழுத்து திரள்கிறது. அடுத்த விசை விழும்வரை கடைசி எழுத்து முடியாமல் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் சேமித்து மூடினால், திரையில் இருந்தது கோப்பில் இராது. அன்று அடுத்த வரிக்கென்று அவள் தட்டிய அந்த ஒரு தட்டுதான் குறையை மறைத்திருக்கிறது. வரப்பில் நண்டு வளை போல; மேலே நின்று பார்த்தால் தெரியாது.

நான்கு நாளில் சரிசெய்தாள். பாக்குக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. 'நன்றி. உங்கள் பதிலைப் படித்து, நான்தான் மறக்கிறேன் என்று நினைத்துவிட்டேன். அம்மாவுக்கும் நோய் மறதியில்தான் தொடங்கியது. பயந்துபோய் எழுதுவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.'

"நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்று தேற்றினார் சகாயராஜ்.

"வேணும்னு செஞ்சிருந்தா பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடலாமே. இதை சாமியார்கிட்ட என்னன்னு போய்ச் சொல்றது?"



அந்தப் பழைய வாக்கியம் இப்போது அவள் வாயில் வருவதில்லை. பக்கத்து வீட்டு அம்சம் அக்கா மிக்ஸி ஓடவில்லை என்று வந்தால், கூடவே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "நீங்க எப்படிப் போட்டீங்கக்கா? அப்படியே போட்டுக் காட்டுங்க."

"சட்னிக்கு விசாரணைக் கமிஷன் வைக்கிறா இவ" என்கிறாள் அம்சம்.

வேன் ஏறும் முன் பாக்குக்கு எழுதிய அந்தப் பதில் இன்றும் அவள் பெயரோடு, யாரும் படிக்கும்படி வரப்பின் புகார்ப் பக்கத்திலேயே இருக்கிறது. அவள் நினைத்தால் ஒரே தட்டில் அழிக்கலாம். அழிக்கவில்லை.

இன்று புதிய பதிப்பு போக வேண்டும். சோதனையெல்லாம் இயந்திரமே செய்து முடித்து, சரி என்று பச்சை காட்டிவிட்டது. ஆனாலும் ஜூலியட் கோப்பைத் திறந்து, திரையில் நகம் படும்படி ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"சாம்பார் இறக்கியாச்சு, வா" என்கிறார் சகாயராஜ்.

ஆறாவது எழுத்தின் மேல் வைத்த விரலை அவள் இன்னும் எடுக்கவில்லை.