காயாத சுவர்

மிஷின் அக்காவின் புருஷனுக்குக் காலில் சக்கரம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி அதுவே அவன் பெயராகிவிட்டது. வீடு தேடி வருகிறவர்கள் தெருமுனையில் நின்று, "சக்கரம் இப்ப எந்த வீட்டுல இருக்கான்?" என்றுதான் விசாரிப்பார்கள். நியாயமான கேள்வி. போன தடவை பார்த்த வீட்டில் அவன் மறுபடி அகப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது.

சக்கரம் பெயிண்டர். கைதேர்ந்த பெயிண்டர், அதுதான் வினை. காரை உதிர்ந்து, பூசணம் பூத்து, யாரும் எட்டிப் பார்க்காத வீடாகத் தேடிப் பிடித்துக் குறைந்த வாடகைக்கு எடுப்பான். வேலையிலிருந்து வந்த கையோடு சுரண்டுவான், பட்டி பார்ப்பான், தேய்ப்பான், அடிப்பான். கடைசிச் சுவரும் முடிந்த அன்று நடு ஹாலில் நின்று நாலு பக்கமும் ஒரு பார்வை. பிறகு, "இங்க ஏதோ மூச்சு முட்டுது" என்பான். அந்த வார்த்தை வந்துவிட்டால் பீரோ மேலே மடித்து வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளை இறக்க வேண்டியதுதான். ஒவ்வொரு வீட்டிலும் அழுக்கில் இருந்தது இவர்கள், அழகை அனுபவித்தது அடுத்து வந்தவர்கள்.

அக்காவுக்கு வீட்டிலேயே தையல் வேலை; அதனால்தான் மிஷின் அக்கா. ஒரு தெருவில் நாலு பேர் அவளை நம்பி நல்ல துணியைக் கொடுக்க ஆரம்பிப்பதற்குள் மிஷின் வண்டியில் ஏறிவிடும். "போக வேண்டாம்ங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். "சரி சரி, இதுதான் கடைசி" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவன் சொன்னான், சொல்லிக்கொண்டே கயிறு கட்டினான். அதுகூட அவளுக்குப் பழகிப்போனது. பழகாதது மகள் விஷயம்தான்.

சின்ன வயதில் ஒவ்வொரு தெருவை விட்டுப் போகும்போதும் மகள் வண்டியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுவாள். பிறகு அழுகை நின்றது. பெண்ணுக்கு விவரம் வந்துவிட்டது என்று அம்மாக்காரி நிம்மதிப்பட்டாள். ஒருநாள் ஊக்கு தைத்துக்கொண்டே, "பக்கத்து வீட்டுப் பொண்ணு உன் வயசுதானே, பேசிப் பழகேன்" என்றாள்.

"எதுக்கும்மா? எப்படியும் போயிடுவோம்."

கோபமில்லை, வருத்தமில்லை. புத்தகத்திலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதற்கு அந்த அழுகையே தேவலை என்று இருந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்த மாடி வீடு. கீழே வீட்டுக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோருக்கும் டிரைவர். அவருடைய கடைசி மகள் சரியான வாயாடி. மேலே வந்த பெண் பேசாவிட்டால் என்ன, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசுகிறேன் என்று மாடிப்படியிலேயே பழியாய்க் கிடந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இவள் படியிறங்கினாள். ஒரு சாயங்காலம் கீழேயிருந்து தன் மகள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டு அக்கா மிஷினை நிறுத்தினாள். இந்த வீட்டை விட்டு மட்டும் நகரக் கூடாது என்று அன்றே மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் வேலை முடிந்துகொண்டே வந்தது. படுக்கையறை முடிந்தது, சமையலறை முடிந்தது. அவன் பிரஷ் கழுவும் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தையல் கோணும். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தாள். கடைசியில் ஹால் சுவரும் முடிந்துவிட்டது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம் பால்கனி, துணி துவைக்கிற இடம். மறுநாள் காலை அக்காவின் கை தவறி வாளி கவிழ்ந்தது. தண்ணீர் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால் ஓடி, சுவரடியில் இருந்த ஒரு வெடிப்பில் புகுந்து காணாமல் போனது. சாயங்காலம் பார்த்தால் உள்ளே புதுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அட்டைப்பெட்டியை இறக்க ஸ்டூலில் ஏறிய சக்கரம் அப்படியே நின்றான்.

"இதென்ன கண்றாவி? இப்படியே விட்டுட்டுப் போனா என் பேரு என்னத்துக்கு ஆகும்?"

பெட்டிகள் இறங்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள். மறுநாள் முதல், அவன் வேலைக்குக் கிளம்பியதும் ஒரு குவளைத் தண்ணீரோடு பால்கனிக்குப் போனாள். யார் கேட்டாலும் செடிக்கு.

அவன் சுரண்டிப் பார்த்தான். காய வைத்தான். ஈரம் தடுக்கும் பூச்சு பூசினான். ஈரமோ, நான் இருக்கிறேன் என்று மறுபடி வந்தது. டிரைவர் வந்து பார்த்து, "குளியலறைக் குழாய்தான்ப்பா" என்று தீர்ப்புச் சொல்லி ஒரு பிளம்பரைக் கூட்டி வந்தார். டைல்ஸ் மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் அக்காவின் நெஞ்சில் விழுந்தது. பாவம், அந்த நல்ல மனுஷன் என்ன பாவம் செய்தார்! "நிறுத்துங்கண்ணே" என்று வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் இரண்டு பெண்களும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். வந்ததை விழுங்கிக்கொண்டு எல்லோருக்கும் டீ போட்டாள்.

"குழாய்ல ஒரு சொட்டு ஒழுகல" என்றார் பிளம்பர்.

நடுவில் அக்கா மட்டும் தன் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். சுவர் காய்ந்திருக்குமே என்று பதறிக்கொண்டு வந்தால், ஈரம் ஒரு சாண் ஏறியிருந்தது. நிஜமாகவே எங்கோ ஒழுகுகிறதோ என்று அவளுக்கே குழப்பம். ஆனாலும் குவளையை நிறுத்தவில்லை.

"தினமும் தண்ணி ஊத்துற, இந்தச் செடி ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்றான் சக்கரம் ஒருநாள்.

"வெயில்" என்றாள்.

குழாய் மேல் பழியில்லை என்றானதும் அவன் தன் கையைப் பார்க்க ஆரம்பித்தான். சாப்பிடும்போது சுவரைப் பார்த்தான், படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். வேலை நடக்கிற இடத்திலும், அடித்து முடித்த சுவரைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கிறான் என்று மேஸ்திரி சலித்துக்கொண்டார். ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எல்லா பிரஷ்ஷையும் கழுவித் துடைத்துப் பழைய துணியில் சுற்றினான்.

"எதுக்குங்க?"

"மேஸ்திரிகிட்ட கொடுத்துடறேன். கை போயிடுச்சு. குடியிருக்கிற சுவரையே காய வைக்கத் தெரியல, ஊரான் சுவரைத் தொட எனக்கு என்ன யோக்கியதை?"

அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டதை அவள் பார்த்தாள். சொன்னால் அவனுக்குக் கை திரும்பும், வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு நிலைக்கும், வீட்டில் இந்த மனுஷன் செத்த பிணமாக உட்கார்ந்திருப்பான். காலில் சக்கரம் கட்டியவனானாலும் அவன் அவளுடைய புருஷன்.

"இங்க வாங்க" என்று பால்கனிக்கு இழுத்துப் போனாள். தொட்டியை நகர்த்தினாள். குவளைத் தண்ணீரை வெடிப்பில் ஊற்றினாள். சுவர் மடமடவென்று குடித்தது.

அவன் தண்ணீரையும் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"நீயா?"

"நான்தான். இந்த வீட்டை விட்டுப் போக வேண்டாம்னுதான்."

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே!"

"எந்த வீட்டுல சொல்லல?"

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தான். தொழில்புத்தி எங்கே போகும்? "ஒரு குவளைக்கு இவ்வளவு ஈரம் ஏறாதே" என்றான்.

"சாயங்காலம் நானும் ஊத்துவேன்பா."

மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். அம்மாவும் அப்பாவும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"அம்மா வாளியைக் கவுத்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டேன். அம்மாவும் ஊத்துறது எனக்குத் தெரியாது."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சக்கரத்துக்கு இரண்டும் வரவில்லை. "உனக்குப் போறது பிடிக்கலைன்னு எனக்குத் தெரியவே தெரியாதே பாப்பா. நீ அழுறதே இல்லையே" என்றான்.

"அழுதப்பவும் போனோமேப்பா."

அவன் விருட்டென்று எழுந்து உள்ளே போனான். ஸ்டூல் இழுபடும் சத்தம். பீரோ மேலேயிருந்து அட்டைப்பெட்டிகள் தடதடவென்று இறங்கின. மகளின் கை வந்து அக்காவின் கையைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

உள்ளே அவன் பெட்டிகளைக் கத்தியால் கிழித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வீடு பார்த்த பெட்டிகள், ஒரு மழையிலும் நனையாமல் அவன் காப்பாற்றி வந்தவை. மூலைகளை வெட்டி, விரித்து, ஹால் சுவரடியில் நெடுகப் போட்டான். இனி அதில் ஒரு தலையணைகூட வைக்க முடியாது.

"அடி வரைக்கும் சுரண்டணும். தரை பாழாயிடும்ல" என்றான், யாரையும் பார்க்காமல்.

"காஞ்சப்புறம்?" என்றாள் மகள்.

"காஞ்சப்புறம் அடிப்பேன். டிரைவரோட குளியலறையை வேற உடைச்சு வச்சிருக்கோம். அவர் கால்ல விழுந்துட்டு அதையும் நான்தானே பூசணும்."

"அதுக்கப்புறம் மூச்சு முட்டினா?"

அவன் பட்டித் தகட்டைத் தேடி எடுத்துத் துணியில் துடைத்தான். "ஜன்னலைத் திறந்து வச்சுக்கறேன்" என்றான்.

மகள் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுபோய் முதல் முறையாகச் செடிக்கு ஊற்றினாள். அக்கா அந்தக் குவளையை வாங்கி உள்ளே எடுத்துப் போக நினைத்தாள். ஹாலிலிருந்து சுவரைச் சுரண்டும் சத்தம் வந்தது. நின்று கேட்டாள். இருக்கட்டும், இந்த மனுஷனை அப்படி ஒரேயடியாக நம்பிவிட முடியாது என்று குவளையைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.