மலையைப் போடுங்க டீச்சர்

சென்ற மாதம் ஒரு நாள், இடைவேளை மணி அடித்த நேரத்தில் ஹனீபா நானா எங்கள் பாடசாலை வாசலில் வந்து நின்றார். ஹாலிஎலயில் அவருடைய துணிக்கடைக்கு மேலேயுள்ள அறையில்தான் ஞானமுத்து மாஸ்டர் குடியிருந்தார். வியாபார நேரத்தில் கடையை விட்டு அசையாத மனிதர் பதுளைக்கு பஸ் ஏறி வந்திருக்கிறார் என்பதைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மாஸ்டர் மௌத்தாகிட்டார் டீச்சர்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "விடியக்காலம், ஆஸ்பத்திரியில. அந்த இருமல்தான்" என்றார். அழுவதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. கையிலிருந்த சோக்கை அவரிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். ஏன் அதை நீட்டினேன் என்று தெரியவில்லை. அவரும் வாங்கிக்கொண்டார்.

மாஸ்டரை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். அவர் உள்ளே வைக்கப்பட்டது ஏதோ ஆயுத விஷயத்துக்காக என்று மட்டும் கேள்விப்பட்டவர்களும் வாசிப்பீர்கள். இருசாராருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் ஆள் நான். ஆசிரியர் அறையில் ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தால் மணி அடிக்கும்வரை வாய் திறக்க மாட்டேன். பத்தாம் வகுப்புக்கு விஞ்ஞானமும் உயர்தரத்துக்குப் பௌதிகமும் படிப்பித்த மாஸ்டர், நான் கரும்பலகையில் வரைந்த தவளையின் இதயத்தைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "டீச்சர், நம்ம ரோனியோ இதழுக்குப் படம் போடுவீங்களா? பேச வேண்டியதில்ல. நான் பேசிக்கிறேன்." அப்படித்தான் உயர்தர மாணவர்களுக்காக நாங்கள் நடத்திய அந்த இதழில் சேர்ந்தேன். அவர் கட்டுரை எழுதுவார். நான் ஸ்டென்சில் தாளில் ஊசியால் படம் கீறுவேன். அதை ரோனியோ மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்போம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தத் தூரதேசத்துப் பொருளையும் நம் பிள்ளைகள் பார்த்த இடத்தில் வைத்தே காட்ட வேண்டும். நீராவி இயந்திரம் என்றால் தேயிலை ஃபெக்டரி. ராடார் என்றால் வெலிமடைச் சந்தியில் நின்று கூவிவிட்டு, எதிரொலி வரும் நேரத்தை வைத்து எதிர்மலையின் தூரத்தைச் சொல்வது. "இடம் தெரிஞ்சதா இருந்தா, சாமான் தெரியாததா இருந்தாலும் புள்ள பயப்படாது" என்பார்.

தமிழர்களுக்கு எதிரான கலவரத்துக்கு முந்திய வருடம் அது. எங்கேயோ வெளிநாட்டுப் போரில் ஒரு வீரன் தோளில் குழாயை வைத்து விமானத்தை வீழ்த்தினான் என்று வானொலியில் சொன்னார்கள். மறுநாள் வகுப்பு முழுக்க அதே கேள்வி: குழாயிலிருந்து போனது விமானத்தை எப்படிக் கண்டுபிடித்தது? மாஸ்டர் அதையே கட்டுரையாக்கினார். முதலில் ஒரு சிறு வெடிமருந்து அதைக் குழாயிலிருந்து வெளியே தள்ளிவிடும். சுட்டவனின் முகம் கருகாத தூரம் போன பிறகுதான் பெரிய மருந்து பற்றும். அதன் மூக்கில் ஒரு கண் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் முக்கியமில்லை, சூடுதான் முக்கியம். விமானத்தின் பின்புறத்தில் கக்கும் சூட்டை அது பார்க்கும். சூடு ஒருபக்கம் விலகினால் சிறகுகள் திரும்பி ஏவுகணையையும் திருப்பும். பழைய ரகங்கள் பின்னாலிருந்து மட்டுமே துரத்தும். சூரியன் அருகில் இருந்தால் விமானத்தை விட்டுவிட்டு சூரியனைத் துரத்திக்கொண்டு போய் மருந்து தீர்ந்து விழும். அந்த இடத்தை எழுதும்போது அவர் தனியே சிரித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

அது விமானத்தை எப்படி மடக்குகிறது என்பதற்கு அவர் உதாரணம் தேடவேயில்லை. வாரநாட்களில் ஹாலிஎல அறையில் தங்கினாலும், அவருடைய அம்மா இருந்த வீடு தெமோதரைத் தோட்டத்தில், ஸ்டேஷனுக்கு நேர் கீழே, சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பதுளையிலிருந்து மேலே போகும் ரயில் அந்தச் சுரங்கத்தில் நுழைந்து, மலையை ஒரு வட்டம் சுற்றி, அதே சுரங்கத்தின் தலைக்கு மேலுள்ள ஸ்டேஷனுக்கு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பண்டாரவளைக் கருத்தரங்குக்கு நாங்கள் போகும்போது ஜன்னலால் பார்த்தால் மாஸ்டர் பீலியடியில் முகம் கழுவிக்கொண்டிருப்பார்.

"மாஸ்டர், ரயில் போகுது, இன்னும் பவுடர் போடலியா?" என்று சங்கீத டீச்சர் கத்துவார்.

அவர் துண்டை ஆட்டுவார். நாங்கள் வட்டம் சுற்றி மேலே வரும்போது, குறுக்குப் பாதையால் ஏறி வந்து பிளாட்போமில் நிற்பார். "ரயிலுக்குப் பின்னால ஓடுறவன் ஓடிக்கிட்டே இருப்பான் டீச்சர். அது வரப்போற எடத்துக்குப் போயிடணும்" என்று சொல்லி மூச்சு வாங்காமல் உட்காருவார். அந்த வாக்கியம் கட்டுரையில் அப்படியே வந்தது. நல்ல ஏவுகணை செய்வதும் அதுதான்.

அச்சுக்கு முன் கட்டுரையை என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். எப்போதும் அப்படித்தான். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "அது சரிடி, மேல உக்காந்திருக்கிறவன் யாரு பெத்த புள்ள?" மறுநாள் அதைச் சொன்னேன். மாஸ்டர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு கட்டுரையின் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'இதன் கண்ணுக்குச் சூடு தெரியும், ஆளைத் தெரியாது.'

படத்தில் குழாய் தூக்கிய ஒருவன், மேலே விமானம், ஓரத்தில் சூரியன். கீழே வெறுமையாக விட்டிருந்தேன். "மலையைப் போடுங்க டீச்சர். நம்ம நமுனுகுலயைப் போடுங்க" என்றார். போட்டேன். அழகாக வந்தது.

கலவரத்தில் எரிந்த கடைகளின் முன்னால் நின்று அவர் அந்தக் கடைசி வரியைத்தான் மெதுவாகச் சொன்னார். அதற்குப் பிறகு பொலிஸ் தேடுதல்கள் தொடங்கின. அவருடைய அறையில் பழைய இதழ்களுக்கு நடுவே அந்தப் படம் அகப்பட்டது. சமாதான காலத்தில் கீறிய படத்தை வேறொரு காலம் வாசித்தது. தோளில் ஆயுதம், பின்னால் எல்லாருக்கும் தெரிந்த மலை. தாக்குதல் திட்டம் என்று சொல்லி அவரைக் கொண்டுபோனார்கள்.

படம் கீறியது யார் என்று கேட்டபோது, அவர் தானே கீறியதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நேர்கோடு கீறத் தெரியாத மனிதர்! ஹனீபா நானா அதை வந்து சொன்ன அன்றே நானாவையே துணைக்கு அழைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். என் சிங்களம் பஸ்ஸில் டிக்கட் கேட்கும் அளவுதான்; மிச்சத்தை நானா சொன்னார். "நான்தான் கீறினேன்" என்றேன். ஏன் இந்த மலை என்று அதிகாரி கேட்டார். "எங்கள் பிள்ளைகளுக்கு வேறு மலை தெரியாது" என்றேன். அவர் கொடுத்த தாளில் அதே மலையை, அதே சூரியனை அவர் முன்னாலேயே வரைந்து, ஏவுகணை வழிதவறிப் போவதைப் புள்ளிகளால் காட்டினேன். "அப்படியென்றால் இது சூரியனைச் சுடுகிறதா?" என்று கேட்டுவிட்டு அவர் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சில வாரங்களில் மாஸ்டரை விட்டார்கள்.

ஆனால் பாடசாலை அவரைத் திரும்ப எடுக்கவில்லை. விசாரணை முடியட்டும் என்றார்கள். அது முடியவேயில்லை. பிறகு கடை மாடியில் டியூஷன் கொடுத்தார். தடுப்பறையின் ஈரச் சீமெந்துத் தரையில் பிடித்த இருமல் அவரை விடவில்லை. "எப்ப டீச்சர் நம்ம பத்தாம் வகுப்புப் பக்கம் வர்றது?" என்று என்னைக் கேட்பார், என் கையில்தான் இருப்பதுபோல. அடுத்த தவணை என்பேன். ஒவ்வொரு தவணையும் அப்படியே சொன்னேன்.

ஒருமுறை ரயிலில் மேலே போகையில் பீலியடியைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. வட்டம் சுற்றி வந்தபோது அவர் பிளாட்போம் வாங்கில் இருந்தார். விடியலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்து காத்திருந்ததாகச் சொன்னார். "வரப்போற எடத்துக்கு நேரத்தோட வந்துட்டேன் பாத்தீங்களா" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்துவிட்டது.

அவருடைய டியூஷன் பிள்ளைகளுக்காகக் கடைசியாக ஒரு படம் வரைந்து கொண்டுபோனேன். எறியப்பட்ட கல்லின் பாதை. பின்னால் வழக்கம்போல் மலை. அவர் அழிறப்பரை எடுத்து மலையை மட்டும் மெல்ல அழித்தார். "எடம் வேணாம் டீச்சர். கல்லு மட்டும் போதும்." அவரை உள்ளே வைத்தபோதுகூட உடையாத ஏதோ ஒன்றை அந்த அழிறப்பர் எனக்குள் உடைத்தது.

தெமோதரையில் அவரை அடக்கம் செய்தபோது கீழே சுரங்கத்தில் ரயில் நுழையும் சத்தம் கேட்டது. அவருடைய அம்மா தலையைத் தூக்கி ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

கடைசிவரை அவர் என்னை டீச்சர் என்றார், நான் அவரை மாஸ்டர் என்றேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு பழக்கம் மட்டும். இந்த வாரம் அவருடைய பழைய பத்தாம் வகுப்புக்கு, ஆசிரியர் வராத பாடவேளையில், நான் போனேன். எறியப்பட்ட கல்லின் பாதையை வரைந்தேன். பிறகு பின்னால் மலையைப் போட்டேன். கீழே அதன் பெயரையும் எழுதினேன்.