பிளாஸ்டிக்குக்குள் போன மீசைக்காரர்

நான் போகிற, பழைய அட்டை சேர்க்கிறவர்களின் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. என்னைக் கண்டதும் வெள்ளைப் பருத்திக் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுப்பார்கள். பிறகு அதைத் திரும்ப மாட்டிக்கொண்டுதான் மேசையில் கிடக்கும் அட்டைகளைத் தொடுவார்கள். இதில் மரியாதை எனக்கா, அட்டைக்கா என்று முதல் இரண்டு மாதமும் மண்டையைக் குடைந்தேன். வெறுங்கை பட்டால் வியர்வையில் அட்டை பழுதாகிவிடுமாம். நான் பழுதாகமாட்டேன் என்பதில் அவர்களுக்கு நல்ல நம்பிக்கை.

அட்டை என்றதும் ஊரில் இருக்கிற நீங்கள் கடதாசி விளையாட்டை நினைக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படங்கள் இவை. படத்தில் இருப்பவர்கள் அந்தக் காலத்து நட்சத்திர பேஸ்போல் வீரர்கள். ஓடுகிற ஆளைப் பிடிக்க அன்றைய கமெராவுக்கு வல்லமை இல்லை. அதனால் வீரரை ஸ்டூடியோவுக்குள் நிற்பாட்டி, பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடிக்கப் போவதுபோல் முறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் நூல் தெரியும். வராத அழைப்புக்கு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்து ஸ்டூடியோக்களில் படமெடுத்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் இருப்பது பீலெஃபெல்டில். அப்படி ஓர் ஊரே இல்லை என்று ஜேர்மனியர்கள் பகிடி விடுவார்கள். இல்லாத அந்த ஊரில் குசினி அலுமாரி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், எங்கள் கலியாணப் படங்களை ஒட்டுவதற்கென்று ஓர் அல்பம் வாங்கினேன். கடைசிப் பக்கத்தில் பெரிய மீசையோடு ஒருவர் நூலில் தொங்கும் பந்தை முறைத்துக்கொண்டு நின்றார். விசாரித்துப் போன இடத்தில்தான் சங்கத் தலைவர் ஹேர் பிரிங்க்மன், அதாவது திருவாளர் பிரிங்க்மன், அகப்பட்டார். அவர் பூதக்கண்ணாடியால் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "இது அசல்" என்றார். இந்தப் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன எவரோ தம்பிக்குக் கடிதத்தோடு வைத்து அனுப்பியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அட, எங்கள் ஆள்! நாங்கள் காசு அனுப்பினோம், அந்த மனுசன் மீசைக்காரரை அனுப்பியிருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம்தான், இப்போது என்னிடம் பதினொரு வீரர்கள் இருக்கிறார்கள். பேஸ்போல் ஆட்டம் மட்டும் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

போன இலையுதிர்காலத்தில் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. நடுக் கண்ணாடிப் பெட்டி மீசைக்காரருக்கு என்றும், கீழே என் பெயரை அச்சடித்து வைப்பதென்றும் முடிவானது. இந்த நாட்டில் என் பெயர் இதுவரை கடிதப்பெட்டியிலும் வரிக் கடிதங்களிலும்தான் அச்சில் வந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தப் பெட்டிக்கு நான் சின்னப் பிள்ளைபோல் ஆசைப்பட்டேன். வேலைத்தலத்தில் எல்லாருக்கும் சொல்லியும் விட்டேன்.

கண்காட்சிக்கு முதல்நாள் வேலையால் வந்தபோது மனைவி வதனி முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். தமிழ்ப் பள்ளியில் படிப்பிக்கிறவள். எழுத்து அட்டைகளைப் பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டி லமினேற் செய்ய வீட்டில் ஒரு மெஷின் வைத்திருக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்காப் பாருங்கோ. நாளைக்கு எத்தினை சனம் தொட்டுப் பாக்கும். இனி ஒண்டும் ஆகாது. ஒரு குமிழி கூட விழேல்லை."

மீசைக்காரர் மினுங்கிக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொரு கதை இருக்கிறது. நான் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அப்பா என் பிறப்புப் பத்திரத்தை யாழ்ப்பாணம் ரவுனுக்குக் கொண்டுபோய் லமினேற் செய்து தந்தார். எந்த நாட்டு எல்லையென்று இன்றைக்கும் தெரியாத ஓர் ஆற்றில், இடுப்பளவு தண்ணீரில், அது என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு வதனியை மணமுடிக்க, ஜேர்மனியில் ஒரு பதிவுக் கந்தோரில் அதைப் பெருமையோடு நீட்டினேன்.

"அசல் எங்கே?" என்றார் அங்கிருந்த அதிகாரி அம்மா.

"இதுதான் அசல்."

"இது பிளாஸ்டிக்." அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "முத்திரையைத் தடவிப் பார்க்க வேண்டும். இதில் முடியாது."

உறையைக் கிழித்தால் பத்திரமும் கிழியும். சண்டை நடந்துகொண்டிருந்த ஊரிலிருந்து புதுப் பிரதி வந்துசேர ஒரு வருடம் பிடித்தது. அந்த ஒரு வருடமும் வதனி தமையன் வீட்டில் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்தவள்தான் இப்போது மீசைக்காரருக்கு இதைச் செய்தாள்!

"என்ன வேலையப்பா பாத்து வச்சிருக்கிறீர்! சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாதெண்டுவினம். அந்த ஒரு வருசம் உமக்குக் காணாதே?" என்று கத்தினேன்.

அவள் அழவில்லை. மெஷினின் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அண்டைக்கு மாமா அப்பிடிச் செய்யாட்டி அந்தப் பத்திரம் ஆத்திலேயே கரைஞ்சிருக்கும். கலியாணம் பிந்தினதுதான். நடந்ததோ, இல்லையோ?"

நான் சாப்பிடாமல் படுத்தேன். அதுவும் அவளுக்குத்தான் நட்டம் என்பதுபோல.

அடுத்தநாள் ஹேர் பிரிங்க்மன் மீசைக்காரரைக் கையுறையோடு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாதுகாப்புக்கு."

"எதிலிருந்து?"

வாயில் வந்ததைச் சொன்னேன்: "தண்ணீரிலிருந்து."

மனுசன் அண்ணாந்து மண்டபத்துக் கூரையைப் பார்த்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். பிறகு இரண்டு கையுறைகளையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். "இனி இது தேவையில்லை" என்று சொல்லி, வெறுங்கையால் மீசைக்காரரைத் தூக்கிக்கொண்டு போனார்.

கெட்ட மனமில்லை அவருக்கு. நடுப் பெட்டிக்குள் வேறொருவருடைய அட்டை போனது. மீசைக்காரருக்குச் சிறுவர் மேசையில், 'தொட்டுப் பார்க்கலாம்' என்ற பலகைக்குக் கீழே இடம் கிடைத்தது. அச்சடித்த என் பெயரும் கூடவே இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்து எங்களுக்குப் பழக்கம்தானே. மற்ற மேசைகளில் சனம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர, என் மேசையில்தான் கூட்டம். ஒரு சின்னப் பெண் பந்து தொங்கும் நூலை அழிக்கலாமா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நான் தடுக்கக் கையை நீட்டினேன். வதனி என் தோளை இடித்து, "பாத்தீங்களோ, ஒண்டும் ஆகேல்லை" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அந்த அட்டை, வீட்டுக் கோப்பில் லமினேற் செய்த என் பழைய பிறப்புப் பத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒருவர் இங்கிருந்து அமெரிக்கா போனவர் அனுப்பி வந்தவர், மற்றவர் ஊரிலிருந்து என் வயிற்றோடு ஒட்டி வந்தவர். இரண்டும் அசல். இரண்டும் செல்லாது. எந்த ஆற்றையும் கடக்கலாம்.