பெஞ்சுக்கு வந்த முதலாளி

பவானிபூரில் எங்கள் கடை வாசலில், நடைபாதையை ஒட்டி ஒரு பெஞ்சு கிடக்கிறது. கடை சின்னதுதான். இட்லி, தோசை, வடை, காப்பி, சாயங்காலமானால் மிக்சரும் முறுக்கும். முன்பு அப்பா நடத்தினார், இப்போது நான் நடத்துகிறேன். கல்லாவை என்னிடம் ஒப்படைத்த மறுநாளே அப்பா பெஞ்சுக்குக் குடிபோய்விட்டார். இந்த ஊர் வங்காளிகள் அட்டா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். நாலு பேர் கூடி உட்கார்ந்து, எழுந்திருக்காமலேயே உலகத்தைத் திருத்துவது. அப்பா பேச்சில் தமிழர், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சுத்த வங்காளி.

பெஞ்சுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. கடை வாசலில் யார் வந்து நின்றாலும் உட்கார வேண்டும். உட்கார்ந்தவர் சும்மா இருக்கக் கூடாது, ஏதாவது ஓர் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். மெட்ரோவுக்கு வழி கேட்டு வந்தவர்கள்கூட பட்ஜெட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு எதிர்க்கட்சி, பக்கத்துச் சந்தில் இருக்கும் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். பேட்டையே அவரை மாஸ்டர்மஷாய், அதாவது வாத்தியாரய்யா, என்று கூப்பிடும். பழைய இடதுசாரி. அவரும் அப்பாவும் கொஞ்ச காலமாக ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடைப் பண்டத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் ஆப் ஒன்று இருக்கிறதே, அதன் முதலாளி.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி நடத்துகிறவருக்கு எதற்கு இத்தனை அபிப்பிராயம் என்று எனக்குத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித்தர வேண்டும், யார் எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும், தேர்தல் எப்படி நடக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் யோசனை இருந்தது. மந்திரிகள் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஒரு பேட்டி விடாமல் பார்ப்பார்.

"இவன் மாதிரி ஒருத்தன் கையில நாட்டைக் குடுத்துப் பாருங்க" என்பார்.

"அவனுக்கு யார் ஓட்டுப் போட்டா?" என்பார் மாஸ்டர்மஷாய்.

"நீங்க தினம் அவன் ஆப்புலதானே சப்பாத்தி வரவழைக்கறீங்க? அதுதான் ஓட்டு."

மாஸ்டர்மஷாய் பேச்சைப் பட்ஜெட்டுக்குத் திருப்பிவிடுவார். சப்பாத்தி விஷயம் உண்மை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் கடையில் பொட்டலம் கைமாறத் தாமதமாகிறதாம். காரணம் வாசலில் கிடக்கும் பெஞ்சாம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் அலமாரி வைத்தால் டெலிவரிப் பையன்கள் நிற்காமல் எடுத்துக்கொண்டு போகலாமாம். இல்லாவிட்டால் ஆப்பில் எங்கள் கடை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழே போய்விடுமாம்.

இந்த ஊரில் நடைபாதைப் பெஞ்சு ஒன்றை நகர்த்துவது லேசுப்பட்ட காரியமில்லை. பேட்டை கிளப் சம்மதிக்க வேண்டும், கவுன்சிலர் காதில் போட வேண்டும், கட்சி ஆபீஸ் தலையசைக்க வேண்டும். ஒரு தடவை சாக்கடை வேலைக்காக கார்ப்பரேஷன்காரர்கள் இந்தப் பெஞ்சை எடுக்கப் பார்த்து, கடைசியில் சாக்கடைதான் வளைந்து போனது. அப்பேர்ப்பட்ட பெஞ்சை, இந்தத் தெருவையே பார்த்திராத ஒருவர் நாலு வரியில் தூக்கச் சொல்லிவிட்டார். எங்கள் வியாபாரத்தில் பாதிக்கு மேல் அந்த ஆப் வழியாகத்தான் வருகிறது. நான் என்ன செய்வேன்? தச்சரை வரச் சொல்லிவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "எடுத்துடு. முன்னேற்றம்னா நாலு பேருக்குக் கஷ்டம் இருக்கத்தான் செய்யும்னு அவனே ஒரு பேட்டியில சொல்லியிருக்கான்."

"அந்த நாலு பேர்ல நீங்களும் உண்டுப்பா. எங்க உக்காருவீங்க?"

"நானா?" அவர் அதை யோசித்திருக்கவில்லை. "உள்ள அடுப்பு பக்கமா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கறேன்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. சாம்பாரைப் பற்றி அப்பாவுக்கு இருக்கும் அபிப்பிராயங்கள் எங்கள் சமையல்காரருக்கு நன்றாகத் தெரியும்.

நான் சிரித்தேனே தவிர எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. அம்மா போன பிறகு அப்பா வீட்டில் பேசுவதே குறைந்துவிட்டது. அவர் பேச்செல்லாம் அந்தப் பெஞ்சில்தான். அதை எடுத்துவிட்டால் மனிதர் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அப்படியே சுருங்கிப்போவார். அதை அவரிடம் சொல்லவும் எனக்குத் தைரியமில்லை.

தச்சர் வருவதற்கு முதல் நாள் நல்ல வெயில். கம்பெனியின் மயில்கழுத்து நிறச் சட்டை போட்ட ஒருவர் வந்து நின்றார். தலையில் ஹெல்மெட். ஷூ பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வேலைக்குப் புதுசு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தோசை ஆக நேரமாகும் என்றேன். அப்பா பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார். அவர் எதிர்ச்சாரியில் நின்ற வெள்ளை வேனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன்.

அப்பா உடனே சட்டத்தை அமல்படுத்தினார். "உங்க முதலாளி எப்படி?" என்றார், தன் ஓட்டை இந்தியில்.

"நல்ல மனுஷர்" என்றார் வந்தவர்.

அப்பா மாஸ்டர்மஷாயைப் பெருமையாகப் பார்த்தார். மாஸ்டர்மஷாய் வந்தவர் தோளில் கை வைத்தார். "பயப்படாதே தம்பி. இங்க யாரும் காட்டிக் குடுக்க மாட்டோம். உண்மையைச் சொல்லு."

"நிஜமாவே நல்லவர்தான்."

"பாவம், ரொம்பப் பயந்திருக்கான்" என்றார் மாஸ்டர்மஷாய்.

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த விவாதத்தை ஒரேயடியாக முடித்துவிட நினைத்தார். "சரி, நீயே சொல்லு. உனக்கு உடம்பு முடியாம ஒரு வாரம் படுத்துட்டா கம்பெனி என்ன செய்யும்?"

"பார்த்துப்பாங்க."

"யாரு பார்த்துப்பா?"

வந்தவர் காப்பியைக் குடித்தார். "அது… கேட்டுத்தான் சொல்லணும்."

"மழையில தாமதமாயிட்டா?"

வந்தவர் மறுபடி வேனைப் பார்த்தார்.

"வேலை பார்க்கிற உனக்கே தெரியாதா?" அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. இந்தக் கேள்வியை வாசலுக்கு வரும் ஒரு டெலிவரிப் பையனிடமும் அவர் அதுவரை கேட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் முதலாளியைப் பற்றித்தான். அது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். பெஞ்சைத் தட்டிச் சொன்னார்: "இந்தப் பெஞ்சு நாளைக்குப் போயிடும். உங்க ஆளோட உத்தரவு. நீ எங்க அவனைப் பார்க்கப் போறே, தப்பித்தவறிப் பார்த்தா நான் சொன்னேன்னு சொல்லு. நாட்டை வேணா எடுத்துக்கட்டும். பெஞ்சைத் தர மாட்டேன்."

மாஸ்டர்மஷாய் கை தட்டினார். பொட்டலம் தயாராகிவிட்டது. வந்தவர் அதை வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மாஸ்டர்மஷாய் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். போனில் ஒரு வீடியோ, எதிர்ச்சாரி வேனிலிருந்து எடுத்தது. எங்கள் பெஞ்சு, எங்கள் காப்பி, அப்பா, பக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் அந்த முகம். தொழில் மாநாட்டுக்கு ஊருக்கு வந்திருந்த முதலாளி, சாதாரண ஜனங்களோடு பேச வேஷம் போட்டு வந்தாராம். பேட்டிகளில் அத்தனை தடவை பார்த்த முகம். அந்தச் சட்டைக்கு மேலே இருந்ததால் நாங்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்க்கவில்லை.

படத்தில் வயலின் வாசித்தார்கள். "பார்த்துப்பாங்க" என்பதற்குப் பிறகு அப்பா கேட்ட கேள்விகள் எதுவும் அதில் இல்லை. அப்பா கண் கலங்கினாற்போல், "நாட்டை வேணா எடுத்துக்கட்டும்" என்கிறார். அதோடு முடிந்தது.

"பெஞ்சு எங்க?" என்றார் அப்பா. "நான் பேசினதிலேயே அதுதான்யா நல்ல பேச்சு."

அந்த ஒரு வாக்கியத்தை ஊரே பார்த்தது. காலையில் ஒரு கட்சிக்காரர் வந்து அப்பாவுக்குச் சால்வை போட்டார். மாலையில் எதிர்க்கட்சிக்காரர் வந்து, நாட்டை விற்கப் பார்க்கிறீர்களா என்று சண்டை பிடித்துவிட்டு, காப்பி நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் போனார். டிவியில் இரண்டு பேர் அப்பாவின் மனநிலையை ஆராய்ந்தார்கள். அப்பா எல்லோரிடமும் வாக்கியத்தின் மறுபாதியைச் சொன்னார். ஒருவருக்கும் அது தேவைப்படவில்லை.

கம்பெனியிலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. பெஞ்சு அங்கேயே இருக்கட்டும் என்று. ஆட்கள் வந்து அதற்கு மயில்கழுத்து நிறம் அடித்து, முதலாளி இங்கே அமர்ந்தார் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். எனக்கு எழுத்தைப் பற்றிக் கவலையில்லை. பெஞ்சு பிழைத்தது, அப்பாவும் பிழைத்தார், சமையல்காரர் அன்றைக்குப் பாயசம் வைத்தார்.

பெஞ்சின் சட்டத்தில் மட்டும் ஒரு திருத்தம் வந்தது. டெலிவரிக்கு வருகிறவர்கள் உட்காரும் முன் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும். அப்பா முகத்தை நன்றாகப் பார்ப்பார். பார்த்துத் திருப்தியான பிறகு, "உடம்பு முடியலைன்னா என்ன செய்வே?" என்று கேட்பார்.

போன வாரம் ஒரு பையன், "ஆப்பை அணைச்சுட்டுப் படுத்துக்கணும், காக்கு. எந்திரிக்கிற வரைக்கும் சம்பளம் கிடையாது" என்றான். அவனுக்கு எல்லாப் பெரியவர்களும் காக்குதான், சித்தப்பா முறை. நான்தான் அப்போதே சொன்னேனே என்று மாஸ்டர்மஷாய் சொல்வார் என்று பார்த்தேன். இரண்டு பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.

பையன் காப்பியோடு உட்காரப் போனவன், பெஞ்சின் மேல் இருந்த ஆங்கில எழுத்தை அரைகுறையாகப் படித்துவிட்டு, "இங்க யாரு உக்காந்தாங்க, காக்கு?" என்று கேட்டான்.

"யாரோ புதுப் பையன்" என்றார் அப்பா. "வேலையைப் பத்தி ஒண்ணுமே தெரியலை. நீ உக்காரு."