அவர் எங்களை அவுட் ஆக்கிய விதம்

2002 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை, காற்றும் இல்லை. அந்நேரத்துக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கோவில்பட்டி மில் மைதானத்தின் நடுவில் நான்கு பேர் பிட்சுக்கான தேங்காய் நார் விரிப்பை, எங்கள் பேச்சில் மேட்டை, விரித்து ஓரங்களில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வேப்பமரத்தடியில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபது சொல்லியிருந்தேன், பத்தொன்பதுதான் வந்திருந்தது. அதோடு, ஒன்பது மணிக்கு மேல் நிழல் எந்தப் பக்கம் போகும் என்ற கவலை வேறு.

எங்கள் பந்துவீச்சாளர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பஞ்சாலையில் வேலை. ஞாயிறுதோறும் மில் அணிக்காகப் பந்து போட்டார். மாவட்டத்தைத் தாண்டி எங்கும் ஆடியதில்லை. ஆனால் அவர் பந்து போடுவதைப் பார்க்க விளாத்திகுளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஆள் வரும். கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுதிய நான், அந்த அணிக்கு ஸ்கோர் எழுதினேன். பத்தொன்பது வருடம். அவர் போட்ட பந்துகளில் நான் பார்க்காதது மிகக் குறைவு.

எங்கள் மைதானம் கரிசல். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அடித்த பந்து உருண்டு வெடிப்புக்குள் விழுந்தால் இரண்டு ரன் என்று எங்களுக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. வெளியூர் அணிகள் சிரிக்கும். பிறகு பந்தைத் தோண்டி எடுக்க அவர்களும் மண்டியிடுவார்கள். அந்த மண்ணின் மேல் நார் மேட்டை இழுத்துக் கட்டினால்தான் ஆட முடியும். மேட்டில் விழுந்தால்தான் அவருடைய பந்து அந்த வேலையைச் செய்யும். கால் பக்கம் விழுந்து, நாரைக் கவ்வி, வெளிப்பக்கமாக வெட்டித் திரும்பும்.

முந்தின வாரம் திதிக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி வந்து நின்றார்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழம காலைல வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போவாவ. சாயந்திரம் கரிசலும் வேர்வையுமா வருவாவ. நான் தொவச்சதுதான் மிச்சம். அங்கன போயி அப்படி என்னதான் செஞ்சாவ?"

"பந்து போடுவாரும்மா."

"போட்டா?"

"பேட் பிடிக்கிறவன் அவுட் ஆவான்."

"பெறகு?"

"அடுத்தவன் வருவான்."

"அவ்வளவுதானா" என்றார். அவர் குரலில் கேலி இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் ஒருமுறைகூட மைதானத்துக்கு வந்ததில்லை. எங்கள் யார் வீட்டுப் பெண்களும் வந்ததில்லை, நாங்களும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கே முடிவு செய்தோம். அடுத்த ஞாயிறு அவர் நினைவாக ஒரு ஆட்டம். அவர் மாதிரியே போடும் கல்லூரிப் பையன் ஒருவன் இருந்தான். அந்த அம்மா ஒருமுறையாவது அந்தப் பந்தைப் பார்த்துவிட வேண்டும்.

மேட்தான் இல்லை. அணி கலைந்தபோது அதை எடுத்துப் போனவர் விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி, எங்கள் பழைய ரசிகர். சனிக்கிழமை வேன் பிடித்துப் போனேன். பாழாய்ப் போகாமல் பத்திரமாக வைத்திருந்தார். எப்படியென்றால், அதன் மேல் மிளகாய் காயப்போட்டு. வத்தலில் கரிசல் ஒட்டாதாம்.

"அண்ணாச்சி, காரம் இருக்குமே" என்றேன்.

"நல்லாத் தட்டியிருக்கேன் அண்ணாச்சி. நார்ல என்ன நிக்கப் போவுது. ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்."

நனைத்து அலசலாம் என்றால் மேட் காய இரண்டு நாள் ஆகும். அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தேன்.

எட்டரைக்கு அந்த அம்மா மகளோடு ஆட்டோவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. முதல் ஓவரில் நான் பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது ஓவரில் மேல்காற்று கிளம்பியது. பந்து விழும்போதெல்லாம் மேட்டிலிருந்து சிவப்பாகப் புகைபோல ஒன்று எழுந்து, நேரே வேப்பமரத்தடிக்கு வந்தது. முதலில் அம்பயர் தும்மினார். பிறகு விக்கெட் கீப்பர். பையன் பந்தைக் கையில் தேய்த்து, அதே கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தான். அடுத்த நொடி தண்ணீர்த் தொட்டியைத் தேடி ஓடினான். மூன்றாவது ஓவர் முடியவில்லை. மைதானம் முழுக்கத் தும்மல். என் மூக்கும் கண்ணும் ஒழுகின.

"இதத்தான் பத்தொம்பது வருசமாப் பாத்தியளாக்கும்" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அந்த அம்மா கேட்டார். பிறகு எழுந்தார். "சரி அண்ணாச்சி, வெயில் ஏறுது. கெளம்புதேன்."

நானும் எழுந்தேன். இன்னொரு முறை இத்தனை பேரைச் சேர்க்க முடியாது என்று தெரியும்.

அப்போது தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் மேட்டை நோக்கி நடந்தார். எதிரணியின் முதல் ஆட்டக்காரராக இருந்தவர். இப்போது தொந்தியும் வேட்டியும். கீழே கிடந்த பேட்டை எடுத்தார்.

"மதினி, ஒரு நிமிசம் உக்காருங்க. அண்ணன் என்னைய எப்படி அவுட் ஆக்குனாவன்னு காட்டுதேன்."

எதிர்முனையில் யாரும் இல்லை. பந்தும் இல்லை. இவர் பேட்டைத் தட்டி நின்றார். காலைத் தூக்கிக் குறுக்கே வைத்து, பெரிதாக வீசினார். சட்டென்று திரும்பிப் பின்னால் பார்த்தார். போய்த் தன் கையாலேயே ஆஃப் ஸ்டம்பைத் தட்டி விழவைத்தார்.

"இப்படியே பதினாலு தடவ மதினி."

"பதினஞ்சு" என்றேன்.

"நீங்க எழுதுனா ஒண்ணு கூடுதலாத்தான் இருக்கும்."

அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். அடுத்து, வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர் ஒருவர் வந்தார். காலை நீட்டித் தடுக்கப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்டம்பைத் தள்ளினார். "ஏலே, நீ அன்னைக்கு முட்டி போட்டுல்லா விழுந்த, அதையும் காட்டு" என்று யாரோ கத்த, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையும் செய்து காட்டினார். பிறகு யாரும் அழைக்கவில்லை, தாமாகவே வரிசையில் நின்றார்கள். எங்கள் பந்துவீச்சாளரிடம் ஆட்டம் இழந்தவர்கள் அங்கே பதினொரு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தும்மிக்கொண்டே, கண்ணில் நீர் வழிய, தன்னுடைய தோல்வியை நடித்துக் காட்டினார். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஏழாவது ஆள் முடித்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எல்லாருமா ஒரே எடத்தையே பாக்குதாவ அண்ணாச்சி."

மீதிப் பேரை நான் கவனித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒருவர் அடித்தார், ஒருவர் தடுத்தார், ஒருவர் விட்டுவிட்டார். ஆனால் பதினொரு பேரின் கண்ணும் மேட்டில் ஒரே இடத்தில்தான் போய் நின்றது. கால் பக்கம், ஸ்டம்புக்குப் பத்தடி முன்னால்.

கடைசி ஆளும் முடித்த பிறகு அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டுக்கு நடந்தார். அந்த இடத்தில் நின்று குனிந்து, நாரை விரலால் தொட்டார்.

"இங்கனயா விழும்?"

"அங்கனதாம்மா."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

நிமிர்ந்தார். "தோத்ததை இவ்வளவு சந்தோசமாவா சொல்லுவிய" என்று எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிதான் பதில் சொன்னார்: "அவிய கிட்ட தோத்ததுதான மதினி நாங்க ஆடுனதுலயே நல்ல ஆட்டம்."

ஆட்டோ ஏறும்போது அந்த அம்மா என்னைக் கும்பிட்டார். அதற்கு நான் தகுதியானவனா என்று தெரியவில்லை, ஆனால் அந்த மனிதர் எனக்குத் தந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் யாரைக் கும்பிடுவது என்று அதுவரை தெரியாமல் இருந்தது. நானும் கும்பிட்டேன்.

சாயங்காலம் ஆளுக்கொரு பங்கு என்று பணத்தோடு வந்தார்கள். எப்போதும் பைசா பாக்கி வைக்காமல் வசூலிக்கிறவன் நான். அன்று வாங்கவில்லை. வேன், நாற்காலி, மோர், ஆணி, ஆட்டோ, பையனுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து எல்லாம் சேர்த்து, அறுநூற்றுப் பத்து ரூபாய் ஐம்பது காசு.