ஆடும் கப்பலில் ஆடாத படங்கள்

அடுத்தவர்கள் லீவில் இருக்கும்போது வேலை பார்க்கிற இனம் நாம். பஸ் ஓட்டுகிறவர், ஓட்டலில் இலை எடுக்கிறவர், தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் எல்லோரும் நம்ம ஆட்கள்தான். நான் வேலை பார்த்தது சிங்கப்பூரிலிருந்து கிளம்புகிற ஒரு உல்லாசக் கப்பலில். அதில் ஓவியக் கூடம் என்று ஒரு நீளமான நடை உண்டு. பயணிகள் நீந்தி, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நிதானமாகப் படம் பார்க்க வருவார்கள். அந்தப் படங்களை மாட்டித் துடைத்துக் காவல் காத்தது, கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்த அடியேன்.

பெண் கேட்டுப் போனது

2007 லீவில் அம்மாவோடு சிதம்பரம் போனேன். அம்மாவின் தம்பி, என் மாமா, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இடது கண்ணை மூடிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார் என்றால், நமக்குத் தெரியாத வளைவெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் மகள் கலைச்செல்வியைக் கட்டிக்கொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை, அவளுக்கும்தான்.

மாமா காபி கொடுத்தார், கப்பலில் என்ன வேலை என்று கேட்டார். நான் பெருமையாக எல்லாம் சொன்னேன். கலைச்செல்வி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அக்கா, செவுத்துல ஆணி அடிக்கறத்துக்கா இவன் கடல் தாண்டிப் போறான்? அதுக்கு எம்பொண்ணு இல்ல, போ."

ரசமட்டம்

மாமாவை முழுசாகக் குறை சொல்ல முடியாது. ஓவியக் கூடத்தில் என் முதல் நாள் அப்படி. ஊரிலிருந்து கொண்டுபோன ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை பார்த்துப் பார்த்து நாற்பத்திரண்டு படம் மாட்டினேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் ஒரே பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கின்றன! நான் மாட்டிய நேரம் பலமான காற்றில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தே ஓடியிருக்கிறது. குமிழி கடலுக்கு நேராக நின்றதே தவிர, சுவருக்கு நேராக நிற்கவில்லை.

கூடத்தின் மேலதிகாரி ஒரு வெள்ளைக்கார அம்மா. திட்டுவார் என்று நின்றேன். ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, தரையிலிருந்து அளந்து மாட்டச் சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னது தமிழில் இதுதான்: "கடல் எப்படி வேணா சாயட்டும், நீ தரையை நம்பு."

பெரியவர் எப்போ தவறினார்?

மதுரைப் பக்கத்து அம்மா ஒருவர், மகனோடு முதல் தடவை கப்பலேறி வந்திருந்தார். ஒரு தாடிக்காரக் கிழவரின் படத்துக்கு முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றினார். கொண்டையிலிருந்து பூவைக் கிள்ளி எடுத்து, சட்டத்தின் மேல் வைக்க எம்பினார். நான் ஓடிப்போய், இது சும்மா பார்த்து ரசிக்கிற படம்மா என்றேன். அவர் நம்பவேயில்லை. "செவுத்துல மாட்டிட்டீங்க, பல்பும் போட்டிருக்கீங்க, பூ மட்டும் வைக்கக் கூடாதா? நல்லா இருக்குப்பா உங்க நியாயம்!"

ஜன்னலுக்கு முதுகு

ஒரு ஜப்பான்காரத் தாத்தா தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் வருவார். ஒரே ஒரு கடல் ஓவியத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு வெளியே அசல் கடல். ஆகா, இவரல்லவா ரசிகர் என்று எனக்குப் பூரிப்பு. ஐந்தாம் நாள் பொறுக்க மாட்டாமல், திரும்பினால் நிஜக் கடலே இருக்கிறதே ஐயா என்று கேட்டுவிட்டேன். தாத்தா திரும்பாமலே சொன்னார். "அதைப் பார்த்தா எனக்கு வாந்தி வருது, தம்பி."

சேத்தியாத்தோப்பு மச்சான்

சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்த ராஜவேலு சேத்தியாத்தோப்புக்காரன். ஒரு மத்தியானம் பெரிய அலையில் கப்பல் உருண்ட உருளலில் அவன் அடுக்கி வைத்திருந்த தட்டெல்லாம் தரைக்கு வந்துவிட்டன. நான் பதறிப்போய் என் கூடத்துக்கு ஓடினேன். மேலே இரண்டு கொக்கி, கீழே இரண்டு மூலையிலும் திருகாணி என்று ஒவ்வொன்றையும் என் கையால் இறுக்கியிருந்தேன். ஒரு படம் அசையவில்லை! அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை மறைக்கவே முடியவில்லை. ராஜவேலு கையில் துடைப்பத்தோடு வந்து சுவரைப் பார்த்தான். "மச்சான், நாளையிலேர்ந்து என் தட்டையும் நீயே மாட்டிடு."

மாமா கப்பலேறினார்

2010இல் எங்கள் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. குடும்பத்தை அழைத்துவந்து காட்ட ஒரு நாள் அனுமதி கிடைத்தது. கலைச்செல்வி மூன்று வருஷமாக வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்துக் கொண்டிருந்தாள். அன்றைக்கும் மாமா மசியவில்லை என்றால் இனிமேல் கேட்பதில் அர்த்தம் இல்லை. அம்மா எப்படியோ கெஞ்சி அவரைக் கூட்டிவந்துவிட்டாள்.

நீச்சல் குளத்தைப் பார்த்து, "காசு குடுத்து வெயில்ல படுத்திருக்காங்களா?" என்று மூக்கில் விரல் வைத்தார் மாமா. பிறகு ஓவியக் கூடத்துக்கு வந்தோம். படங்களைப் பற்றிச் சொல்ல ராவெல்லாம் நெட்டுருப் போட்டு வைத்திருந்தேன். அவர் கேட்டால்தானே! நேராக நடையின் ஒரு முனைக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடது கண்ணை மூடினார். நாற்பத்திரண்டு சட்டத்தின் கீழ் விளிம்பும் ஒரே கோட்டில் போகிறதா என்று பார்த்தார். எழுந்து அடுத்த முனைக்குப் போய், அங்கேயும் உட்கார்ந்து பார்த்தார்.

மெதுவாக எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மா பக்கம் திரும்பினார். "இந்த ஆட்டத்துல ஒரு நூல் கோட்டம் இல்ல, அக்கா. நாள் பாரு."

ஆடுகிற கப்பலில் நாற்பத்திரண்டு படத்தை நேராக மாட்டிய நான், ஆடாத வீட்டில் ஒரே ஒரு காலண்டரை மாட்டிவிட்டு, கலைச்செல்வி இடது கண்ணை மூடும்போதெல்லாம் இன்னும் நடுங்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.